அடுத்த வருஷத்து அண்ணா

எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் எட்டு வருஷம் ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

பக்கத்து வீடு என்றால் தனி வீடு இல்லை. அமெரிக்காவில், எடிசன் என்கிற ஊரில், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடித்தனம், நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். பின்னால் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு கொல்லை. அன்றைக்கு இருவருமே வாடகைக்கு இருந்தோம். இன்றைக்கு முழு வீடும் எங்களுடையது. இத்தனை பழைய வீட்டை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பவர்களுக்கு, ஸ்டேஷன் பக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அவர் தென்காசிப் பக்கம், நான் பொள்ளாச்சி. அவர், அவர் மனைவி, மூன்று வயதுப் பெண் ஒன்று. நாங்கள் வந்து இறங்கிய முதல் நாளே வாசலுக்கு வந்து, தன் பேரைச் சொன்ன கையோடு சொன்னார்: "நாங்க அடுத்த வருசம் ஊருக்குப் போயிருவோம். நீங்க பெரிய பாத்திரம் எதுவும் வாங்கிராதீங்க தங்கச்சி. போறப்ப எங்களதத் தந்துட்டுப் போறேன்."

நானும் நம்பி இட்லிப் பானை வாங்காமல் இருந்தேன். ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் தோசைதான். என் வீட்டுக்காரர் பாவம், தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சாப்பிடுவார். கடைசியில் நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் நானே ஒன்று வாங்கிவந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அவசரப்பட்டுட்டீங்களேம்மா" என்றார்.

அவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. 'அடுத்த வருஷம்' என்றால்தான் தெரியும். "சனிக்கிழமை அடுத்த வருஷம் வீட்டுல சாப்பாடு" என்று போனில் சொல்லிக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும். "சிரிங்க, சிரிங்க. அடுத்த வருசம் அங்க போயி உக்காந்துக்கிட்டு உங்கள நெனச்சு நான் சிரிக்கேன்" என்பார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் விடாமல் கேட்பேன்: "எந்த அடுத்த வருஷமுங்ணா?" அவர் காலண்டரைப் பார்ப்பது போல மேலே பார்த்துவிட்டு, "வர்ற அடுத்த வருசம்" என்பார்.

அந்தக் காலண்டரும் சுவரில் இல்லை. ஃபிரிட்ஜின் கைப்பிடியில் தொங்கும். சுவரில் ஆணி அடிக்க மாட்டார். போகப்போகிற வீட்டில் எதற்கு ஆணி? ஹாலில் சோபா கிடையாது, கொல்லையில் போடுகிற மடக்கு நாற்காலிகள் நாலு. டெலிபோன் ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும், பெட்டிமேல் துவாலை விரித்திருக்கும். விருந்தாளி வந்தால் அக்கா துவாலையை மாற்றிப் போடுவார். அவர் மனைவியைத்தான் அக்கா என்கிறேன். ஒரு தடவை என் சமையலறையில் நின்று காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "போறதுன்னா போவோம், இருக்கதுன்னா இருப்போம். எனக்கு ரெண்டும் சம்மதம். ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்காரு." குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அட்டைப்பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. டிவி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், வேக்குவம் கிளீனர் என்று எது வாங்கினாலும் அதன் பெட்டியைப் பிரித்த அடையாளம் தெரியாமல் எடுத்து, உள்ளே இருந்த தெர்மாக்கோலையும் வயரைக் கட்டியிருந்த கம்பியையும்கூட அப்படியே வைத்து, பேஸ்மென்டில் அடுக்கியிருந்தார். ஊருக்குப் போகும்போது பேக் பண்ண வேண்டுமாம். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இந்த டிவி அங்க ஓடாதுங்ணா. வோல்டேஜே வேற" என்றார். "கன்வெர்ட்டர் போட்டா ஓடாமப் போயிருமா?" என்று முடித்துவிட்டார்.

ஒரு வருஷம் பேய்மழை பெய்து இரண்டு வீட்டு பேஸ்மென்டிலும் முழங்கால் தண்ணீர். நாங்கள் எங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. "கல்யாண ஆல்பம் மெதக்குது, மைக்ரோவேவ் பெட்டியத் தூக்கிட்டு வராரு பாரு." ஆல்பத்தில் பாதிப் படம் ஒட்டிக்கொண்டு போயிற்று. பெட்டிகள் ஒன்றும் நனையவில்லை. மறுநாள் அவர் எங்கள் வீட்டில் ஹேர் டிரையர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஆல்பத்தின் பக்கம் ஒவ்வொன்றாகக் காயவைத்தார். அப்படிப்பட்ட மனுஷனிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

இந்த மனுஷன் கைக்குத்தான் அந்த மரம் வந்து சேர்ந்தது.

பெண் ஸ்கூலிலிருந்து ஒரு தயிர்க் கப்பில் மண்ணோடு முளை ஒன்றைக் கொண்டுவந்தாள். குச்சி ஐஸ் குச்சியில் 'ஹிக்கரி' என்று எழுதி நட்டிருந்தாள். அப்படி ஒரு மரம் இருக்கிறதென்றே எங்கள் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் ஆபீஸில் விசாரித்துக்கொண்டு வந்தார். வால்நட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறையாம், சுத்தியல் காம்பு செய்கிற மரமாம், காய்க்க ஒரு தலைமுறை ஆகுமாம். "அதுவரைக்கும் இங்க நமக்கு என்ன வேல?" என்று அண்ணா சிரித்தார்.

பெண் தரையில் நட வேண்டும் என்று அடம்பிடித்தாள். "தரையில வச்சா போறப்ப எப்படி எடுக்க? வாளியில வையி. கையோட கொண்டு போயிரலாம்" என்றார்.

"தென்காசிக்கா?" என்றார் அக்கா.

"பக்கத்துல குத்தாலம் இருக்குல்லா. குளிர்ச்சியாத்தான இருக்கும்?"

வீட்டு ஓனர் கிழவர் பெயின்ட் அடித்துவிட்டு விட்டுப்போன பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று கிடந்தது. அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, முளையை வைத்தார். பெண் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினாள், பிறகு மறந்துவிட்டாள். குழந்தைகள் அப்படித்தான். இவர் மறக்கவில்லை. பார்சிப்பனியில் இருந்த ஆபீஸிலிருந்து வந்ததும் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போக மாட்டார். ஷூவோடு நேரே கொல்லைக்கு வருவார். வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். அணில் தோண்டுகிறது என்று அக்காவின் மாவுச் சல்லடையை வெட்டி வாளிக்கு மூடி போட்டார். அக்கா சல்லடையை ஒரு வாரம் தேடினார். செடி வெயில் பக்கமாகச் சாயக்கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை தோறும் வாளியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். அரிசி கழுவின தண்ணீர் இரண்டு வீட்டிலிருந்தும் அதற்குத்தான் போக வேண்டும். என் வீட்டு சிங்க்கில் நான் அதைக் கொட்டிவிட்டால் எப்படித்தான் தெரியுமோ, "இன்னைக்கு ரைஸ் வைக்கலையா தங்கச்சி?" என்று குரல் வரும்.

அக்டோபர் வந்தால் நம் ஆட்கள் வீடுகளில் ஒரு சடங்கு உண்டு. கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே வரும். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை பாத்ரூமில் இருக்கும், அங்கேதான் சூடு. அந்த வருஷம் அவர் வீட்டில் கறிவேப்பிலையோடு ஹிக்கரியும் உள்ளே போயிற்று. கொல்லைப்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு அருகில், தரையில் பேப்பர் விரித்து, ராஜமரியாதையாக.

"இது இந்த ஊரு மரம்தானுங்ணா. இந்தக் குளிரு அதுக்குப் புதுசா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பச்சப்புள்ளைக்கு எந்த ஊரா இருந்தா என்ன? குளிரத்தான செய்யும்?"

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாலு குளிர்காலம் அந்த மரம் ஹீட்டர் போட்ட ஹாலில் மடக்கு நாற்காலிகளுக்கு நடுவில் நின்றது. வெளியே மரமெல்லாம் மொட்டையாக நிற்கும், இது மட்டும் ஜனவரி வரைக்கும் இலையைப் போடவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் முழிக்கும். வசந்தத்தில் வெளியே வந்தால் மூன்று இலை விடும், நாலாவதற்கு யோசிக்கும். நாலு வருஷத்தில் ஒன்றரைச் சாண். பார்க்கப் பாவமாக இருக்கும். அவர் உரம் மாற்றினார், மண் மாற்றினார், அக்காவிடம் புளித்த மோர் கேட்டார். அக்கா, "கறிவேப்பிலைக்கே மோர் இல்ல" என்றுவிட்டார்.

ஐந்தாவது வருஷம் கோடையில் மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். இந்தத் தடவை சும்மா இல்லை. சென்னையில் ஃப்ளாட் பார்க்க, பெண்ணுக்கு ஸ்கூல் பார்க்க. எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது, நிஜமாகவே போய்விடுவாரோ என்று. போகும்போது வாளியை என்னிடம் ஒப்படைத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன், அரிசி கழுவினதும் ஊற்றினேன். வாளியை மட்டும் திருப்பவில்லை. கனமாக இருந்தது, எனக்கு முதுகுவலி வேறு.

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஃப்ளாட்டில் தண்ணீர் சரியில்லையாம், ஸ்கூலில் கூட்டமாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அக்டோபரில் ஒரு காலையில் கொல்லையிலிருந்து கூப்பிட்டார். "தங்கச்சி, வாளியக் கெட்டி வச்சிருக்கீங்களா? வர மாட்டேங்கே."

என் வீட்டுக்காரரும் போய் ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் மூச்சுப் பிடித்துத் தூக்கியும் அசையவில்லை. அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். "இழுக்காதீங்க! அடியில என்னன்னு பாருங்க."

மண்ணை ஓரமாகத் தோண்டிப் பார்த்தால், அடியில் இருந்த ஓட்டை வழியாக ஆணிவேர் இறங்கியிருந்தது. அவர் இங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் திருப்பித் திருப்பி அதை ஒடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் சென்னையில் ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் அது தன் வேலையைப் பார்த்துவிட்டது. மேலே ஒன்றரைச் சாண் செடி, கீழே என் கட்டைவிரல் பருமனுக்கு வேர். தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெட்டி எடுத்துரலாமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"வெட்டினா செத்துரும்" என்றார் அக்கா.

அவர் குந்தி உட்கார்ந்து வேரைக் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் வீட்டு ஓனர் கிழவரிடம் மரத்தைத் தரையில் விட அனுமதி கேட்டுவிட்டு, தகரம் வெட்டுகிற கத்திரியையும் வாங்கிவந்தார். வேரில் படாமல் வாளியைச் சுற்றிச் சுற்றி வெட்டினார். உள்ளே சின்ன வேரெல்லாம் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது. அதைச் சிக்கெடுத்து, விரித்துவிட்டு, மண் அணைத்தார். மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அந்தக் குளிர்காலம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் இலையெல்லாம் மஞ்சளாயிற்று. "காமாலை வந்திருச்சு போல" என்றார். பிறகு உதிர்ந்தது. குச்சி மட்டும் நின்றது. பனி விழப்போகிறது என்று டிவியில் சொன்னதும் நான் சொன்னேன், "அந்த டிவி பெட்டியக் கொண்டாந்து மேல கவுத்து வைங்கண்ணா."

"அது எப்படிம்மா? ஊருக்குப் போறப்ப டிவிய எதுல வைக்க?"

பெட்டியைத் தரவில்லை. தன் வேட்டியைத் தந்தார். நல்ல வேட்டி. அதை மடித்துக் குச்சிக்குச் சுற்றிக் கட்டிவிட்டு, பனியில் நின்றுகொண்டே டீ குடித்தார். நான் சிரித்துக்கொண்டே போய் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு வந்தேன்.

வசந்தம் வந்தது. மேப்பிள் துளிர்த்தது, வேலியோரப் புதர்கூடத் துளிர்த்தது, இது மட்டும் குச்சி. மே மாதமும் பாதி போய்விட்டது. அவர் வாளிக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில் வந்து உட்காருவார், எழுந்து போவார். ஒரு நாள் காலையில் அக்காதான் சுவரைத் தட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தால் நுனி மொட்டு விரிந்திருந்தது. வாழைப்பூ மடல் மாதிரி சிவந்து பின்னால் வளைந்து, நடுவிலிருந்து பச்சையாக இலைகள். அந்த ஒரு கோடையில், நாலு வருஷம் வளர்ந்ததைவிட அதிகமாக வளர்ந்தது.

"அதுக்குக் குளிருதான் வேண்டியிருந்திருக்கு. நீங்கதான் உள்ள வச்சுப் போட்டு வதைச்சிருக்கீங்க" என்றார் அக்கா.

"அது வாயத் தெறந்து சொல்லலியே" என்றார் அவர். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. அந்த வாரம் அவர் வீட்டிலிருந்து பாயசம் வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனார். சுவரில் ஒரே ஒரு ஆணி. அதில் காலண்டர்.

அதற்குப் பிறகும் 'அடுத்த வருஷம்' வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் குறைந்திருந்தது. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினார். மரம் என் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு. சோபா பார்க்க ஒரு தடவை கடைக்குக்கூடப் போனார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் வேலைகள் போக ஆரம்பித்தன. எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் காலி செய்தது. அவர் ஆபீஸில் அவர் பிரிவையே மூடினார்கள். கிரீன் கார்டு பாதியில் நின்றது. வேறு எவரும் ஆள் எடுக்கவில்லை. எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊர்ப் பயணம் வந்தேவிட்டது. பெண்ணிடம் அவர் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். அடுத்த மாதம் போகிறோம் என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பட் அப்பா, யூ ஆல்வேஸ் ஸே நெக்ஸ்ட் இயர்" என்றாள். அக்காதான் பேச்சை மாற்றினார். "நல்லவேள, சோபா வாங்கல. வாங்கியிருந்தா அதையும்லா தூக்கிட்டு அலையணும்." சோபாவுக்கு ஏங்கின மனுஷி அவர். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் அவர் வாயிலிருந்து 'அடுத்த வருஷம்' என்ற வார்த்தை வரவே இல்லை. டிவி, மைக்ரோவேவ் எல்லாம் புதிதாக வந்த பையன்களுக்குக் கொடுத்தார். இட்லிப் பானை, சொன்ன சொல் தவறாமல், எனக்கு வந்தது. மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார் என்று காத்திருந்தேன். எனக்கு மனதில் கொஞ்சம் கோபம்கூட. வேட்டி கட்டிவிட்ட மரத்தை இப்படியா அம்போவென்று விட்டுப் போவது?

கிளம்புகிற அன்று காலையில் பெட்டிகளைப் பாத்ரூம் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தோம். ஆளைக் காணவில்லை. "எங்க போனாரு இவரு?" என்று அக்கா தேடினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார், கையெல்லாம் மண். கை கழுவினார், சட்டை மாற்றினார், சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கப் போனார். "அது இருக்கட்டும் விடுங்க" என்றார் அக்கா. விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் அவர்களை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போனார். கார் திரும்புகிறவரை கையாட்டிவிட்டு நான் கொல்லைக்குப் போனேன்.

மரத்தைச் சுற்றி அட்டைப்பெட்டிகள். ரைஸ் குக்கர் பெட்டி, மைக்ரோவேவ் பெட்டி, வேக்குவம் கிளீனர் பெட்டி, எல்லாவற்றையும் ஒட்டுப் பிரித்து, தட்டையாக விரித்து, தண்ணீரில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் களை வராமல் பரப்பியிருந்தார். மேலே மண்ணும் கல்லும் வைத்திருந்தார். புல்வெட்டும் மெஷின் மோதாமலிருக்க டிவி பெட்டியைப் பக்கவாட்டில் வெட்டி, தண்டைச் சுற்றி நிறுத்தி, சணலால் தைத்திருந்தார். 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டிருந்த பக்கம் மேலேதான் இருந்தது. பேஸ்மென்டில் முழங்கால் தண்ணீரில் கல்யாண ஆல்பத்தை விட்டுவிட்டுக் காப்பாற்றின பெட்டிகள். நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டே அழுதேன், கேட்பதற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அந்த வருஷம் முதல் பனி விழுந்த வாரம் போன் வந்தது. சென்னையிலிருந்து. சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னாலேயே கேட்டார். "குளிரு ஆரம்பிச்சிருச்சா தங்கச்சி?"

"ஆரம்பிச்சிருச்சுங்ணா. இலையெல்லாம் கொட்டிருச்சு."

"கொட்டட்டும். ஒண்ணும் சுத்த வேண்டாம். அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"சரிங்ணா."

பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது. அக்கா யாரிடமோ சோபாவை ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போடச் சொல்வது கேட்டது. பிறகு அண்ணாவின் குரல் வந்தது.

"அடுத்த வருசம் வந்து பாக்கேன்."

வழக்கமான கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தேன். பனிக்குள் அது தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"வாங்கண்ணா" என்றேன். "அது எங்க போகப்போகுது, இங்கதான் இருக்கும்."